முதலில் வாக்கு, பிறகு சாப்பாடு

நேசம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகக் கூட்டத்தின் நடுவில் வந்தது. எரிவாயுக் குழாய் ஒன்றின் வால்வைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. அவருடைய மகள் அனிட்டா ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பியிருந்தாள்: அம்மா காலை ஆறு மணிக்குப் போய்விட்டார், வலி இல்லை. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். வால்வைப் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள், ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கூட்டம் முடிந்து காரில் போய் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற இந்த ஊரில் நாங்கள் பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தோம். நான் ஈரோட்டுக்காரன், அவர் யாழ்ப்பாணம். டாக்டர் நேசமலர் என்று தபால் பெட்டியில் எழுதியிருந்தது பல வருடங்களுக்கு அவருக்குத் தொல்லையாகவே இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார்கள். பிள்ளை கணக்கில் பின்தங்குகிறான் என்று அழைத்து வந்தார்கள். "நான் அந்த டாக்டர் இல்லை" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் காய்ச்சல் மாத்திரை ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் எந்த டாக்டர் என்பது எங்களில் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கொலை வழக்குகளில், அதுவும் மரண தண்டனை விழக்கூடிய வழக்குகளில், குற்றவாளியைச் சிறையில் சந்தித்து, அவருடைய மனம் எப்படி உருவானது என்று ஆராய்ந்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் உளவியல் நிபுணர். டெக்சாஸில் இப்படிப்பட்ட வழக்கில் குற்றம் நிரூபணமானதும் விஷயம் முடிந்துவிடாது. அதே பன்னிரண்டு ஜூரிகளும் இன்னொரு முறை உட்கார வேண்டும். இந்த மனிதர் இனியும் மற்றவர்களுக்கு ஆபத்தாக இருப்பாரா? இவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்தால் உயிரை விட்டுவைக்கக் காரணம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் தரும் பதிலில்தான் விஷ ஊசியா, ஆயுள் சிறையா என்பது இருக்கிறது. பெரும்பாலும் எதிர்த்தரப்பு வக்கீல்கள், அதாவது அந்த மனிதரைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள்தான் அக்காவை அழைப்பார்கள்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. தான் பேசுவது ஜூரிகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று எப்போதும் சந்தேகப்பட்டார். "நான் என்ரை பட்டங்களைச் சொல்லேக்கை நாலு பேர் நிமிந்து இருப்பினம். நான் வாய் திறக்க முதலே அவை என்னை நம்பிட்டினம். அவையிலைதான் எனக்குப் பயம்" என்பார். அதனால் ஒவ்வொரு வழக்குக்கும் முன்னால், வக்கீலிடம் அனுமதி வாங்கி, பெயர், ஊர், நடந்தது எல்லாவற்றையும் மாற்றி, ஒத்திகை ஜூரி ஒன்றைத் தன் வீட்டு வரவேற்பறையில் கூட்டுவார். ஜூரிகள் நாங்கள்தான். தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் காரில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள்.

அன்று ஜூரியாக வந்திருந்த நீங்கள் யாரும் முதல் ஒத்திகையை மறந்திருக்க மாட்டீர்கள். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுச் சோபாக்களில் சரிந்துகொண்டு சாட்சியம் கேட்டோம். அரை மணி நேரம் பேசினோம். சீட்டில் வாக்கை எழுதி மடித்துக் கொடுத்தோம். பன்னிரண்டு சீட்டும் ஆயுள் சிறை. ஏதோ எங்களால் ஓர் உயிர் பிழைத்துவிட்ட மாதிரி எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா சீட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வாக்கு இல்லை. இது நன்றி."

யாருக்கும் புரியவில்லை.

"என்ரை வீட்டிலை, என்ரை சோறு சாப்பிட்டுட்டு, எனக்கு எதிரா எழுத உங்களிலை ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. உண்மையான ஜூரி என்ரை சாப்பாடு சாப்பிட்டுட்டே வரப்போகினம்?"

அன்றிலிருந்து சட்டம் மாறியது. முதலில் வாக்கு, பிறகு சாப்பாடு. தண்ணீர்கூட அவரவர் பாட்டிலில் கொண்டு வர வேண்டும். பத்மா ஆன்ட்டிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. இத்தனை பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் எப்படி என்று தயிர்சாதம் கிளறிக் கார் டிக்கியில் ஒளித்து வைத்திருந்தார். ஜூலை மாதம். சாட்சியம் முடிந்து டிக்கியைத் திறந்தபோது அந்தத் தயிர்சாதத்தின் கிட்டே போக முடியவில்லை. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வேறு சட்டங்களும் இருந்தன. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் ஜூரியில் உட்கார முடியாது. அவர் வீட்டிலும் முடியாது. க்ரீன் கார்டு வைத்திருந்த சிவகுமார் இரண்டு வருடம் வாசல் பக்கத்து நாற்காலியில் வெறும் பார்வையாளராகவே இருந்து, குடியுரிமை உறுதிமொழி எடுத்த வாரமே "இப்ப நான் தூக்குல போடலாமா அக்கா?" என்று வந்து திட்டு வாங்கினார். மரண தண்டனை ஒருபோதும் கூடாது என்று நினைப்பவர்களையும் உண்மையான நீதிமன்றத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால், அப்படிக் கை தூக்கிய இரண்டு பேரை ஒவ்வொரு முறையும் சமையலறைக்கு அனுப்பிவிடுவார். எங்களிலேயே இளகிய மனம் கொண்ட அந்த இருவரும், நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது, இடியப்பத்துக்குக் காவல் இருந்தார்கள்.

சாப்பாடு இல்லாத முதல் ஒத்திகையில் ஏழுக்கு ஐந்து வந்தது. "ஐஞ்சு பேர் எனக்கு எதிர்!" என்று அவர் குதிக்காத குறை. அந்த ஐந்து பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார்.

எதிர்வாதம் செய்ய ராஜன் அண்ணன் இருந்தார். அக்காவின் கணவர், கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இருக்கிற இடம் தெரியாது. ஆனால் அரசு வக்கீல் வேடம் போட்டால் வேறு ஆள். ஒரு முறை மனைவியின் முன்னால் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"டாக்டர், நீங்கள் இந்த ஆளோடை எத்தினை மணித்தியாலம் கதைச்சனீங்கள்?"

"பதினொரு மணித்தியாலம்."

"இவர் கொன்ற மனுசனோடை எத்தினை மணித்தியாலம் கதைச்சனீங்கள்?"

அக்கா நேராக அவரைப் பார்த்து, "கதைக்கேல்லை" என்றார். பிறகு எங்களிடம் சொன்னார்: "இந்தக் கேள்விக்கு அதுதான் பதில். அதுக்குப் பக்கத்திலை 'ஆனால்' எண்டு ஒரு சொல்லும் வைக்கக்கூடாது. செத்தவரின்ரை வீட்டு ஆக்கள் முன் வரிசையிலை இருப்பினம்." அந்த வீட்டு மனிதர்களை அவர் ஒருபோதும் மறந்து பேசியதில்லை. யாராவது குற்றவாளியைப் பார்த்துப் பாவம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "பாவம் எண்டு சொல்லாதேங்கோ. ஜூரி பாவம் பாக்க வரேல்லை, விளங்கிக்கொள்ள வந்திருக்கினம்."

இனி நான் எழுதப்போவது பன்னிரண்டு பேரில் மற்ற பதினோரு பேருக்கும் தெரியாதது. அக்காவுக்கு அஞ்சலி என்று எழுத உட்கார்ந்துவிட்டு இதை விட்டுவிட்டால் நான் எழுதியதற்கே அர்த்தமில்லை.

ஏழாம் நாற்காலி என்னுடையது. சீட்டில் பெயர் எழுத மாட்டோம், நாற்காலி எண்ணை மட்டும் எழுதுவோம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஒத்திகையில் அவர் சொன்ன கதை இது. சலவைக்கடைக்காரர் ஒருவரைக் கொன்றுவிட்ட ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒன்பது வயதில் மாற்றாந்தகப்பன் மண்டையில் அடித்ததில் மூளையின் முன்பகுதி பழுதாகியிருந்தது. அக்கா எங்கள் முன் நின்று, எங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கோபம் வரும்போது நம்மை நிறுத்துகிற பிரேக் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார். இந்த மனிதருக்கு அந்த பிரேக்கை ஒன்பது வயதிலேயே உடைத்துவிட்டார்கள் என்றார். அவ்வளவு தெளிவாக அவர் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. பத்மா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பிழைப்பே பழுதான பொருட்களோடுதான். ஒரு வால்வு ஒரு முறை பிளந்தால் அது ஏன் பிளந்தது என்று கண்டுபிடிப்போம். கண்டுபிடித்த பிறகு அதைத் திரும்பக் குழாயில் மாட்ட மாட்டோம். அக்கா பிரேக் என்று சொன்னதும் என் மனதில் தோன்றியது இரக்கம் இல்லை. பிரேக் உடைந்த வண்டியை யாராவது ரோட்டில் விடுவார்களா என்றுதான் தோன்றியது. அவர் எதற்காக அதைச் சொல்கிறாரோ அதற்கு நேர்மாறாக அது எனக்குள் போய் இறங்கியது. அரை மணி நேரப் பேச்சில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டில் காரணம் எழுதும் இடத்தில், "அப்படியானால் இவன் மறுபடியும்" என்று தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா எதிரில் நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரமாக அந்த வழக்கோடு கிடந்து முகம் ஒடுங்கிப்போயிருந்தது. இத்தனை படித்தவர், இத்தனை வருடம் இந்த வேலை செய்தவர், இது அவருக்குத் தோன்றாமலா இருக்கும், குழாய் பார்க்கிற நான் யார் இதைக் கேட்க என்று நினைத்தேன். எழுதியதன் மேல் கோடு போட்டேன். கீழே, "டாக்டரின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆயுள் சிறை" என்று எழுதி மடித்துக் கொடுத்தேன்.

சாப்பாட்டை நிறுத்தினால் மரியாதை போய்விடும் என்று அக்கா நினைத்தார். எனக்கு அது வெறும் வயிற்றிலும் இருந்தது.

ஒன்பதுக்கு மூன்று வந்தது. எதிராக எழுதிய மூன்று பேரும் வேறு காரணங்கள் எழுதியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், நாங்கள் கொடுத்தனுப்பியிருந்த எவர்சில்வர் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு. என் மாமனார், மாமியார் அன்று ஊருக்குப் புறப்படுகிறார்கள். வாசல் முழுக்கப் பெட்டிகள், தராசில் எடை பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வரச் சொன்னேன். "இல்லை, நீங்கள் விருந்தாளியளோடை நிக்கிறியள். சும்மா வந்தனான், பேந்து கதைப்பம்" என்று தூக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையான வழக்கு நடந்தபோது ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹூஸ்டன் நீதிமன்றத்துக்குப் போனேன். அவர் சாட்சி சொல்வதை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று வெகு நாள் ஆசை. சலவைக்கடை இல்லை, பெட்ரோல் பங்க். மற்றபடி அதே கதை. குற்றவாளி பெரிய சட்டை போட்ட சின்ன மனிதர். முன் வரிசையில் இறந்தவரின் மனைவி மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நன்றாகத்தான் பேசினார். பிரேக் என்ற சொல் வந்தது. ஜூரியில் இரண்டாம் வரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், அதுவரை முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், பின்னால் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அரசு வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"டாக்டர், அந்த பிரேக்கைச் சரிசெய்ய முடியுமா?"

"முடியாது. ஆனால்..."

"நன்றி, டாக்டர்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அக்காவை அழைத்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அந்த மனிதரின் பள்ளிக்கூடப் பதிவுகளைப் பற்றி ஏதோ கேட்டார். அக்காவின் 'ஆனால்' அப்படியே நின்றுபோனது. இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மரண தண்டனை.

ஒரு மாதம் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் கடுங்குளிர் வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. அவருடைய பெரிய கறிவேப்பிலைத் தொட்டிகளைக் கராஜுக்குள் நகர்த்த ராஜன் அண்ணனுக்கு முதுகு ஒத்துழைக்காது என்று தெரியும். போனேன். தொட்டியின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். நகர்த்திக்கொண்டே அவர் சொன்னார், வக்கீல்கள் மூலம் ஜூரிகளிடம் கேட்டுப் பார்த்ததாகவும், ஓர் அம்மா மட்டும் பேச ஒப்புக்கொண்டதாகவும்.

"காப்பிக்கடையிலை சந்திச்சன். நல்ல மனுசி. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னவ தெரியுமோ? 'நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நாங்கள் நம்பினோம், டாக்டர். அதனாலைதான்' எண்டவ."

தொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம ப்ராக்டிஸ்ல எனக்கும் அதேதான் தோணுச்சு. பிரேக் போச்சுன்னா மறுபடியும் பண்ணுவானேன்னு. எழுத ஸ்டார்ட் பண்ணிட்டு அடிச்சிட்டேன். நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு ப்ரிப்பேர் பண்ணிருக்கீங்க, நான் போய் எப்படி கேக்கறதுன்னு..."

அவர் தொட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதுக்கு என்னட்டை ரெண்டு நிமிசப் பதில் இருந்தது, ரகு. ரோட்டிலை பிரேக் இல்லாதவர் சிறைக்குள்ளை வேறை ஆள். அங்கை எல்லாத்துக்கும் நேரம், எல்லாத்துக்கும் கதவு. நான் சிறையிலை பாத்தவையிலை வயசு போகப் போக அடங்கிப் போனவைதான் கூட. அவரும் அப்பிடித்தான் இருந்தவர். இதைக் கேக்கச்சொல்லி வக்கீலிட்டை முதலே குடுத்திருப்பன்."

"சொல்லிருந்தா தப்பிச்சிருப்பானா அக்கா?"

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியும் எண்டு நினைச்சு உங்களை நீங்களே வருத்தாதேங்கோ." பிறகு தொட்டியைத் தூக்கச் சைகை காட்டிக்கொண்டே சொன்னார்: "நான்தான் கேட்டிருக்கோணும்."

ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பிரேக் என்ற சொல்லை அதன் பிறகு அவர் எந்தச் சாட்சியத்திலும் பயன்படுத்தவில்லை. மூளையைப் பற்றிப் பேசும் இடம் வந்ததும், "அப்படியானால் இவர் மறுபடியும் செய்வாரா என்று நீங்கள் யோசிப்பீர்கள், யோசிக்க வேண்டியதுதான்" என்று அவரே எடுத்துச் சொல்லிவிட்டு அதற்குப் பதிலும் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஒத்திகையில் சாட்சியம் முடிந்த கையோடு, "ரகு, நீங்கள் முதல்லை. எனக்குப் பிடிக்காததாச் சொல்லுங்கோ" என்பார். ஏன் எப்போதும் ரகு முதலில் என்று உங்களில் சிலர் கேலி செய்ததுண்டு. காரணம் இதுதான்.

போன வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில் மருத்துவர் வந்து, அடுத்து என்ன சிகிச்சை என்று படம் போட்டு விளக்கினார். பேசத் தெரிந்தவர். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் வெளியே போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாக் கதைச்சார், என்ன? நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டிட்டன். இப்பதான் ஒரு கேள்வி வருது."

"கூப்பிடறேன் அக்கா, காரிடார்லதான் நிக்கறார்."

"வேண்டாம் வேண்டாம். பாவம், எத்தினை பேரைப் பாக்கிற மனுசன்."

பாவம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தக் கேள்வி என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, எனக்குப் பின்னால் இருந்த சிவகுமார் மெதுவாக, "வாக்கு போட்டாச்சா?" என்றார். பத்மா ஆன்ட்டி தட்டை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். எங்களில் யாருக்கும் அன்று சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அனிட்டா என்னைத் தேடி வந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தாள். "அங்கிள், அம்மாவோட ஃபைல்ல இருந்தது. யுவர் நேம் இஸ் ஆன் இட்" என்றாள். உறையின் மேல் தமிழில் ரகு என்று எழுதியிருந்தது. அவளுக்கு அந்த இரண்டு எழுத்துதான் படிக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். காரில் போய்ப் பிரித்தேன்.

உள்ளே ஒரே ஒரு சீட்டு. நாற்காலி எண் ஏழு. நான் போட்டிருந்தது ஒற்றைக் கோடு. அதற்கடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. "அப்படியானால் இவன் மறுபடியும்". அதன் பக்கத்தில் பென்சிலால், அக்காவின் சாய்ந்த கையெழுத்தில், இப்படி இருந்தது: "மறுபடியும், என்ன? ரகுவிட்டைக் கேக்கவேணும்."

எவர்சில்வர் தூக்கோடு அவர் வாசலில் நின்றது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தூக்கு ஒன்றும் எங்களுக்கு அவசரமில்லை. அவர் கேட்கத்தான் வந்திருக்கிறார். வாசலில் பெட்டிகளைப் பார்த்தார், வயதானவர்களைப் பார்த்தார், விருந்தாளிகள் இருக்கும் வீட்டில் போய் இதையா கேட்பது என்று திரும்பிவிட்டார். நான் அவரிடம் கேட்க வெட்கப்பட்டேன், அவர் என்னிடம் கேட்கச் சங்கடப்பட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டிருந்தோம். பெரிய சட்டை போட்ட அந்தச் சின்ன மனிதருக்கு அது தெரியாது. அவர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். மேல்முறையீடு நடக்கிறது. கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா சொன்னது ஆறுதல் இல்லை, நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். அதை இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சீட்டு. அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாராவது ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினால், நான் விடுவதில்லை. என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. பரவாயில்லை.

வருகிற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டம். ராஜன் அண்ணன் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார். சமையலறைக்கு அனுப்பப்பட்ட அந்த இரண்டு பேரும் இந்த முறை எங்களோடு வரவேற்பறையில் உட்காருவார்கள். நாற்காலிகளில் சீட்டும் பேனாவும் வைத்திருப்பேன். அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை, கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை, ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். அவருக்குப் பிடிக்காததாக இருந்தாலும் எழுதுங்கள். கோடு போட்டு அடிக்க வேண்டாம்.

பிறகு சாப்பிடலாம்.